கருவிக் காம்பின் வரலாறு

வரலாறு என்றவுடன் நம் மாணவர் நினைவில் எழுவன மன்னர் பெயர்களும் போர்களும் அவை நிகழ்ந்த ஆண்டுகளுமே ஆகும். வாளேந்தியவன் புகழ் ஏடுகளில் உண்டு. அவ்வாளை வடித்தவன் பெயரோ, அதற்குத் தோல் சுற்றிப் பிடி அமைத்தவன் பெயரோ எந்த ஏட்டிலும் இல்லை. வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் இம்மலரில், பலரும் எழுதாது விட்ட எளிய பொருள் ஒன்றை ஆராய எண்ணினோம். மண்வெட்டிக்கும் கோடரிக்கும் சுத்தியலுக்கும் கிரிக்கெட் மட்டைக்கும் பொதுவாக உள்ள கைப்பிடியே அப்பொருள்.

கருவி எதுவாயினும் அதற்கு இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனை மண்ணையோ மரத்தையோ பந்தையோ தொடுகிறது. மறுமுனை மனிதனைத் தொடுகிறது. முதல் முனையைக் கூர்மையாக்குவதில் உலகம் பல நூற்றாண்டுகள் கருத்துச் செலுத்தியது. மனிதனைத் தொடும் முனையைப் பற்றி எண்ணத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். அவ்வாறு எண்ணாமல் இருந்தமைக்குக் காரணம் என்ன? எண்ணத் தொடங்கிய பின் விளைந்த நன்மை என்ன? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிடியில்லாக் கருவி

மாந்தன் முதலில் கையாண்ட கருவிக்குப் பிடி இல்லை. இதற்குச் சான்று தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. 1863ஆம் ஆண்டு மே திங்கள் 30ஆம் நாள், இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்திலும் இத்தகைய கருவிகளைக் கண்டார். அத்திரம்பாக்கத்துக் கற்கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என 2011இல் வெளியான ஆய்வு காட்டுகிறது.

இக்கற்கோடரிகள் உள்ளங்கையில் அடங்கும் அளவின. ஒரு பக்கம் கூராகவும், கை பற்றும் பக்கம் பருத்தும் இருக்கும். கல்லைக் கொண்டு எலும்பையோ மரத்தையோ அடிக்கும்போது, அடியின் அதிர்ச்சி முழுவதும் உள்ளங்கைக்கே திரும்பி வரும். கையின் நீளமே கருவியின் நீளம். கை எவ்வளவு விரைவாக வீசப்படுகிறதோ அதுவே அடியின் விரைவு. பல இலட்சம் ஆண்டுகள் மாந்தர் இந்நிலையிலேயே வாழ்ந்தனர்.

காம்பின் பிறப்பு

பின்னர் எவனோ ஒருவன், அல்லது ஒருத்தி, கல்லை ஒரு கோலின் நுனியில் பொருத்தினாள். பிசினும் நாரும் தோல்வாரும் கொண்டு இறுகக் கட்டினாள். பார்வைக்குச் சிறிய செயலாகத் தோன்றும் இது, நெருப்பைக் கண்டதற்கு ஒப்ப வைத்து எண்ணத்தக்கது. கையின் நீளம் ஒரு முழம் கூடினால், சுழலும் நுனியின் விரைவும் கூடும். அடியின் வலிமையும் கூடும். அடியின் அதிர்ச்சியும் நேரே கைக்கு வாராமல் மரத்தில் பெரிதும் தணியும். மேலும், கல், பிசின், கோல், வார் என வெவ்வேறான பொருள்களை ஒன்று சேர்த்து அவற்றினின்றும் வேறான புதிய பொருள் ஒன்றை ஆக்கும் அறிவு இதில் அடங்கியுள்ளது. ஐரோப்பாவில் மரப்பட்டையை எரித்து எடுத்த கீலைக் கொண்டு கல்லைப் பொருத்திய பழக்கம் ஏறத்தாழ 2 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே இருந்ததற்குச் சான்று கிடைத்துள்ளது.

1991ஆம் ஆண்டு ஆஸ்திரியா, இத்தாலி நாடுகளின் எல்லையில், ஆல்ப்ஸ் மலைப் பனியில் உறைந்து கிடந்த ஒரு மனிதனின் உடல் கண்டெடுக்கப்பட்டது. அவன் 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவன். அவனருகே செப்புக் கோடரி ஒன்று கிடந்தது. செம்பு அலகின் நீளம் 10 சென்டிமீட்டருக்கும் குறைவு. காம்பின் நீளமோ ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். உறுதியும் வளைவும் ஒருங்கே உடைய யூ மரத்தில் அது செதுக்கப்பட்டிருந்தது. அலகு கீல் பூசித் தோல்வாரால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. பனி காத்தமையால் மரமும் தோலும் அழியாது நமக்குக் கிடைத்தன.

பிற இடங்களில் இவ்வாறு கிடைப்பதில்லை. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் ரீ என்பார் அகழ்ந்தபோது இரும்பாலான கருவிகளும் படைக்கலங்களும் மிகுதியாகக் கிடைத்தன. அவற்றைப் பற்றியிருந்த மரக்காம்புகள் மண்ணோடு மண்ணாக மட்கிவிட்டன. இரும்பு எஞ்சியது, மரம் மறைந்தது. ஆகவே, அருங்காட்சியகத்திற்குச் செல்லும் மாணவன் அலகை மட்டும் கண்டு திரும்புகிறான். அதனைப் பிடித்த கையை எண்ண அவனுக்கு வாய்ப்பில்லை. உழைப்போர் வரலாறு நமக்கு எட்டாது போனதற்கும் இதுவே உவமை எனலாம். கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டவை நின்றன. உழைப்போர் கைபட்ட மரமும் தோலும் ஓலையும் பெரும்பாலும் அழிந்தன.

நல்ல காம்பின் இலக்கணம்

நல்ல காம்பு எவ்வாறு இருத்தல் வேண்டும்? இதனை நம் ஊர்த் தச்சரும் கொல்லரும் ஏட்டுக் கல்வியின்றியே அறிந்திருந்தனர். மண்வெட்டிக் கணைக்கும் கோடரிக் காம்புக்கும் கருவேலம் முதலிய வைர மரங்களைத் தேர்ந்தனர். மரத்தின் நார் ஓட்டம் காம்பின் நீளத்தோடு இணையாகச் செல்கிறதா எனப் பார்த்தனர். நார் குறுக்கே ஓடினால் ஓர் ஓங்கலிலேயே காம்பு முறியும் என்பதனை அவர்கள் பட்டறிந்திருந்தனர். அலகின் காதுக்குள் காம்பைச் செலுத்தி, ஆப்பு அடித்து இறுக்கினர். உளியின் பிடி பிளவாதிருக்கப் பூண் இட்டனர்.

கோடரிக் காம்பையும் சுத்தியல் காம்பையும் உற்று நோக்குங்கள். அவை முழு வட்டமாக இரா, நீள்வட்டமாகவே இருக்கும். இருளில் பிடித்தாலும் அலகு எத்திசை நோக்கியிருக்கிறது என்பதைக் கை அறிந்துகொள்வதற்கே இவ்வமைப்பு. முழு வட்டக் காம்பு கைக்குள் உருண்டு, அலகின் திசையை மாற்றிவிடும். காம்பின் அடி நுனி சற்றே பருத்திருப்பது, வியர்த்த கையினின்றும் கருவி நழுவாது தடுப்பதற்கு.

இவ்வறிவை 20ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் அளந்தும் வகுத்தும் எழுதினர். 1956ஆம் ஆண்டு ஜான் நேப்பியர் என்னும் ஆங்கில மருத்துவ அறிஞர், மனிதக் கையின் பிடிப்பை இரு வகையாகப் பகுத்தார். சுத்தியலைப் பற்றுவது போல விரல்கள் அனைத்தும் உள்ளங்கையை நோக்கி மடங்கிப் பற்றுவது வலிமைப் பிடி. எழுதுகோலைப் பற்றுவது போலப் பெருவிரலும் பிற விரல் நுனிகளும் சேர்ந்து பற்றுவது நுண்மைப் பிடி. வலிமைப் பிடிக்குரிய காம்பு ஏறத்தாழ 3 முதல் 5 சென்டிமீட்டர் வரை குறுக்களவு உடையதாயின் நன்று. அதனினும் மெலிந்தால் விரல் நகங்கள் உள்ளங்கையில் பதியும். பருத்தால் விரல்கள் சுற்றி வாரா. மணிக்கட்டு நேராக இருக்கும்போது கைப்பிடிப்பின் வலிமை மிகும், வளைந்தால் குறையும். இவை அனைத்தும் சிறு அளவுகளே. ஆயினும் நாள் ஒன்றுக்கு எட்டு மணி நேரம், ஆண்டு முழுவதும் அக்கருவியைப் பிடிப்பவனுக்கு அவை பெரிய அளவுகளாகும்.

விளையாட்டுக் களத்தில்

வயிற்றுக்காக உழைப்பவன் கருவியைக் காட்டிலும், பொழுதுபோக்கிற்காக ஆடுபவன் கருவிக்கே மேலை நாடுகளில் முதலில் மிகுந்த கவனம் கிட்டியது. இதற்குக் கிரிக்கெட் மட்டை தக்க சான்று. பழங்கால மட்டை முழுவதும் ஒரே மரத்துண்டால் ஆனது. பந்து மோதும் போதெல்லாம் அதிர்ச்சி ஆட்டக்காரனின் கையைத் தாக்கியது. மட்டையும் கழுத்துப் பகுதியில் முறிந்தது. ஆகவே வில்லோ மரத்தாலான பலகை வேறு, பிடி வேறு எனப் பிரித்து, ஆப்பு வடிவில் ஒன்றனுள் ஒன்றைப் பொருத்தும் முறை தோன்றியது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரம்பினாலான பிடி வழக்கிற்கு வந்தது. பிரம்புக் கீற்றுகளை ஒட்டி, அவற்றினிடையே இரப்பர்ப் பட்டைகளை வைத்து, நூலால் இறுகச் சுற்றி, அதன் மேல் இரப்பர் உறை மாட்டினர். மரம் அடிக்கிறது, பிரம்பு வளைந்து கொடுக்கிறது, இரப்பர் அதிர்ச்சியை விழுங்குகிறது, உறை நழுவாமல் காக்கிறது. ஒரு பிடிக்குள் நான்கு பொருள்கள் நான்கு பணிகளைச் செய்கின்றன.

டென்னிஸ் மட்டையின் பிடி எட்டுப் பட்டைகள் உடையது. கண்ணால் பாராமலே மட்டையின் முகம் எப்பக்கம் உள்ளது என்பதைக் கை உணர இப்பட்டைகள் உதவுகின்றன. நம் கோடரிக் காம்பு நீள்வட்டமாக அமைந்ததற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே என்பதை மாணவர் உணர்தல் வேண்டும். ஈட்டியில் கயிறு சுற்றிய பிடி அதன் எடை நடுவில் அமைக்கப்படுகிறது. 1984ஆம் ஆண்டு கிழக்கு ஜெர்மனி வீரர் உவே ஹோன் 104.80 மீட்டர் தூரம் ஈட்டியை எறிந்தார். திடலின் எல்லையையே கடந்துவிடும் என்னும் அச்சம் எழவே, 1986இல் ஆடவர் ஈட்டியின் எடை நடுவம் 4 சென்டிமீட்டர் முன்னே நகர்த்தப்பட்டது. நான்கு விரற்கடைக்கும் குறைவான அம்மாற்றத்தால் உலகச் சாதனைப் பட்டியலையே புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வென்ற நம் நாட்டு நீரஜ் சோப்ரா ஏந்தியது இப்புதிய முறை ஈட்டியே.

இவ்விளையாட்டுக் கருவிகளைச் செய்வோர் யாவர்? நாட்டுப் பிரிவினைக்கு முன்னர் சியால்கோட் நகரம் இத்தொழிலுக்குப் பேர்பெற்று விளங்கியது. 1947க்குப் பின்னர் அங்கிருந்து பெயர்ந்த கைவினைஞரால் ஜலந்தர், மீரட் நகரங்களில் இத்தொழில் வளர்ந்தது. பந்துக்குத் தோல் பதப்படுத்துவோரிலும் தைப்போரிலும் பெரும்பாலோர் நம்மைப் போன்று ஒடுக்கப்பட்ட சமூகத்தாரே. அவர்கள் தைத்த பந்தை அரங்கில் ஆயிரம் கைகள் தட்டி வரவேற்றன. தைத்த கைகளைத் தீண்ட மறுத்த காலமும் இருந்தது.

பந்து கிடைத்தது, மட்டை கிடைக்கவில்லை

இவ்விடத்தில் பல்வங்கர் பாலு என்னும் பெருவீரரை நம் இளைஞர் அறிதல் வேண்டும். 1876இல் தார்வாரில், தோல் தொழில் செய்யும் சமூகத்தில் பிறந்தவர். பூனாவில் ஐரோப்பியர் சங்கத்து மைதானத்தில் பணியாளராக இருந்தபோது, பயிற்சி செய்யும் ஆங்கிலேய ஆட்டக்காரர்களுக்குப் பந்து வீசும் வேலை அவருக்குக் கிடைத்தது. நாள்தோறும் மணிக்கணக்கில் வீசி வீசி இணையற்ற இடக்கைச் சுழற்பந்து வீச்சாளரானார். ஆயினும் அங்கு அவருக்கு மட்டையைப் பிடிக்க வாய்ப்பளிக்கப்படவில்லை. பந்து வீசுவது உடலுழைப்பு. மட்டை பிடிப்பது மேன்மக்களுக்கு உரியது என்பது அக்காலத்து எண்ணம்.

பின்னர் இந்து அணியில் சேர்க்கப்பட்டார். களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டனர். ஆட்ட இடைவேளையிலோ, மற்றவர்கள் அரங்கினுள் பீங்கான் கோப்பைகளில் தேநீர் அருந்த, அவருக்கு வெளியே மண்குவளையில் தேநீர் தரப்பட்டது. நம் கிராமத்துத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறையைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. 1911ஆம் ஆண்டு இந்திய அணி இங்கிலாந்து சென்றபோது பாலு 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அத்துணை ஆற்றல் காட்டியும் அணித் தலைமை அவருக்குத் தரப்படவில்லை. அவருடைய தம்பி விட்டல் மட்டையாளராகப் புகழ்பெற்று, 1923இல் இந்து அணிக்குத் தலைமை தாங்கி வெற்றி கண்டார்.

அண்ணன் கைக்கு மறுக்கப்பட்ட பிடி தம்பி கைக்கு வந்து சேர ஒரு தலைமுறையின் உழைப்பும் போராட்டமும் வேண்டியிருந்தன. பிடியை எவ்வளவு அழகாகச் செதுக்கினாலும், அதனைப் பிடிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினா தனியே நிற்கிறது என்பதனை இவ்வரலாறு காட்டுகிறது.

குட்டைக் கொத்தின் வழக்கு

இனி, கைப்பிடியின் நீளம் ஒரு நீதிமன்றத்தின் முன் வந்த வரலாற்றைக் காண்போம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் லெட்டூஸ் கீரையும் சர்க்கரை பீட் கிழங்கும் பெருமளவில் பயிராகின்றன. விதைத்த பின் நெருக்கமாக முளைத்த நாற்றுகளைக் கலைத்து, களையும் எடுத்தல் வேண்டும். இவ்வேலைக்கு, பெரிதும் மெக்சிகோ வழிவந்த ஏழைக் கூலித் தொழிலாளர் அமர்த்தப்பட்டனர். அவர்களிடம் தரப்பட்ட களைக்கொத்தின் பிடி ஓரடி, ஒன்றரை அடி அளவே இருந்தது. அதனைத் தொழிலாளர் ஸ்பானிய மொழியில் 'எல் கோர்ட்டிட்டோ', அதாவது 'குட்டையன்' என்று அழைத்தனர். குட்டையனைப் பிடித்தவன் நாள் முழுவதும் இடுப்பை முற்றாக மடக்கியே நடத்தல் வேண்டும். சில ஆண்டுகளில் முதுகெலும்பின் வட்டுகள் தேய்ந்தன. நடு வயதிலேயே பலர் வேலைக்குத் தகுதியற்றவராயினர். பின்னாளில் உழவுத் தொழிலாளர் இயக்கத்திற்குத் தலைமை ஏற்ற சீசர் சாவேசும் இக்கொத்தைப் பிடித்து உழைத்தவரே.

நெடிய பிடி பொருத்தினால் என்ன குறை? நுட்பமாகக் களை எடுக்க இயலாது, நாற்றுகள் வெட்டுண்ணும் என்றனர் நிலவுடைமையாளர். மற்றொரு காரணத்தைத் தொழிலாளர் அறிந்திருந்தனர். குட்டைப்பிடி கொண்டவன் நிமிர்ந்தால் அவன் வேலை செய்யவில்லை என்பது தொலைவில் நிற்கும் மேற்பார்வையாளனுக்கு உடனே தெரிந்துவிடும். வளைந்த முதுகுகளை எண்ணினால் வேலையை எண்ணியதாயிற்று. ஆகவே அக்குட்டைப் பிடி களையை வெட்டியதோடு, ஆளைக் கண்காணிக்கும் கருவியாகவும் பயன்பட்டது.

1972இல் தொழிலாளர் சிலர், ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி அளிக்கும் வழக்கறிஞர்களின் துணையோடு, நான்கடிக்குக் குறைந்த பிடியுடைய களைக்கொத்துகளைத் தடை செய்ய வேண்டும் என மாநிலத் தொழில் பாதுகாப்புத் துறையிடம் முறையிட்டனர். ஆபத்தான கைக்கருவிகளை உழைப்போரிடம் தருதல் கூடாது என்னும் விதி முன்னரே அங்கு இருந்தது. மருத்துவர் பலர் முன்வந்து, இக்கொத்து முதுகை நிலையாகக் கெடுக்கும் எனச் சான்று பகர்ந்தனர். ஆயினும் அத்துறை முறையீட்டை ஏற்கவில்லை. 'ஆபத்தான கருவி என்றால் உடைந்த கருவி, பழுதுபட்ட கருவி என்றே பொருள். இக்கொத்தில் பழுது ஒன்றும் இல்லை' என்பது அத்துறை கொண்ட பொருள்.

வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1975ஆம் ஆண்டு ஜனவரியில் தீர்ப்பு வந்தது. கருவி உடையாமல் இருப்பினும், அதனைப் பயன்படுத்தும் முறையே உழைப்பவனின் உடலைக் கெடுக்குமானால் அதுவும் ஆபத்தான கருவியே என நீதிமன்றம் விதிக்குப் பொருள் கண்டது. அவ்வாண்டிலேயே குட்டைக் கொத்து அம்மாநிலத்தில் தடை செய்யப்பட்டது. நெடும்பிடிக் கொத்துகள் வந்தன. பயிர் அழியும் என்று அச்சுறுத்தியவர் கூற்று பொய்த்தது. கலிபோர்னியாவில் லெட்டூஸ் தொடர்ந்து செழித்தே விளைந்தது. ஒரு காலத்தில் வயலில் முதுகுகளை வளைத்த குட்டையன், வாஷிங்டன் நகரத்து தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் காட்சிப் பொருளாயிற்று.

இவ்வரலாறு இத்துடன் முடியவில்லை. கொத்தைத் தடை செய்தபின், சில பண்ணைகளில் கொத்தே இல்லாமல் வெறுங்கையால் களை பறிக்கச் சொன்னார்கள். முதுகு முன்போலவே வளைந்தது. இதனையும் எதிர்த்துத் தொழிலாளர் போராட வேண்டியிருந்தது. குனிந்து கையால் களை எடுக்கும் வேலையைக் கட்டுப்படுத்தும் விதி, சில விலக்குகளோடு, 2004இல் அங்கு நிறைவேறியது. முதல் தடைக்கும் இரண்டாம் விதிக்கும் இடைப்பட்ட காலம் 29 ஆண்டுகள். வென்ற உரிமையைக் காப்பதற்கும் விழிப்பு வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுமோ?

ஆய்வறிஞர் கண்டவை

தொழிற்சாலைகளிலும் இக்காலத்தில் சிந்தனை மாறியது. எர்வின் டிகாவர் என்னும் அறிஞர் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் கம்பிகளை முறுக்கும் தொழிலாளரின் குறடுகளை ஆராய்ந்தார். நேரான பிடியுள்ள குறட்டைப் பயன்படுத்தியவர்கள் மணிக்கட்டை வளைத்தே வேலை செய்ய வேண்டியிருந்தது. பிடி வளைந்த குறடு தரப்பட்டபோது மணிக்கட்டு நேராக இருந்தது. புதிதாகச் சேர்ந்த தொழிலாளரை இரு பிரிவாக்கி 12 வாரங்கள் கவனித்தபோது, நேர்ப்பிடிக் குறடு பெற்றவருள் பாதிக்கு மேற்பட்டோர் கைநோய்க்கு ஆளாயினர். வளைபிடிக் குறடு பெற்றவருள் பத்தில் ஒருவர் அளவே துன்புற்றனர். கருவியை வளை, கையை வளைக்காதே என்னும் கொள்கை இத்தகைய ஆய்வுகளால் வேரூன்றியது.

அடுக்களைக் கருவிகளிலும் இம்மாற்றம் நிகழ்ந்தது. சாம் ஃபார்பர் என்னும் அமெரிக்கத் தொழிலதிபரின் மனைவி மூட்டுவாதத்தால் துன்புற்றார். காய் சீவும் சிறு கருவியின் மெல்லிய உலோகப் பிடியைப் பற்ற அவரால் இயலவில்லை. இதனைக் கண்ட ஃபார்பர், வடிவமைப்பாளரின் துணையோடு, பருத்த நீள்வட்டமான மென்மையான இரப்பர்ப் பிடி கொண்ட கருவிகளை ஆக்கி 1990இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். நோயுற்ற கைக்காகச் செய்த பிடி, நலமான கைகளுக்கும் இதமாக இருந்தது, விற்பனையும் பெருகியது. வலிமை குறைந்தவரை மனத்திற் கொண்டு செய்த பொருள் எல்லாருக்கும் பயன்படும் என்னும் உண்மை இதனால் விளங்கும். அளவுகோல் எப்போதும் வலியவன் கையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

நம் வயல்களும் வீதிகளும்

இனி நம் நாட்டைப் பார்ப்போம். நம் உழவுத் தொழிலாளர் கையில் உள்ள மண்வெட்டியின் கணை குட்டையானது. குனிந்தே வெட்ட வேண்டும். களைக்கொத்தின் பிடியோ அதனினும் குட்டை. நாற்று நடவும் களையெடுப்பும் பெரிதும் பெண்கள் செய்யும் வேலைகள். நம் தாய்மாரும் தமக்கையரும் சேற்றில் நாள் முழுவதும் குனிந்து நின்று விளைவித்த நெல்லையே நாடு உண்கிறது. அறுபது வயதில் அவர்கள் நிமிர இயலாது நடப்பதை முதுமையின் இயல்பு என நாம் எண்ணிவிட்டோம். அதில் கருவியின் பங்கு எவ்வளவு என ஆராய்ந்து பார்த்தோமா?

நிமிர்ந்து நின்று களையெடுக்கும் நெடும்பிடிக் கருவிகள் இல்லாமல் இல்லை. புன்செய் நிலத்திற்கேற்ற நெடும்பிடிக் களைக்கருவிகளைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கியுள்ளது. திருந்திய நெல் சாகுபடி முறை பரவியபோது, வரிசைகளினிடையே தள்ளிச் செல்லும் கோனோ வீடர் என்னும் உருளைக் களைக்கருவி நம் வயல்களுக்கு வந்தது. சேற்றில் தள்ளப் பெண்களுக்கு அது கனமாக உள்ளது என்னும் குறையும் எழுந்தது. பிடிப்பவர் யார் என்பதைக் கேட்டறிந்து பிடியை அமைத்தல் வேண்டும் என்பதற்கு இஃது இன்னொரு சான்று.

வீதிகளிலும் இதே நிலையைக் காணலாம். வீட்டுத் துடைப்பத்திற்குக் காம்பு இல்லை. தெருக்கூட்டும் தூய்மைப் பணியாளர்க்கு நீண்ட மூங்கிற் காம்பு கட்டிய துடைப்பம் கிடைத்தால் முதுகு தப்பும். ஆனால் இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். மலம் அள்ளும் கொடுமையைப் பற்றி ஆராய மைய அரசு 1957இல் அமைத்த மல்கானி குழு, தலைச்சுமையை ஒழிக்கவும் கைவண்டி முதலிய சாதனங்களைத் தரவும் பரிந்துரைத்தது. அது நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்டதே. ஆயினும் கூடைக்குப் பதிலாக வண்டி வந்தால் சுமை குறையுமேயன்றி இழிவு ஒழியாது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 1993இல் வந்தது; அதனினும் விரிந்த சட்டம் 2013இல் வந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம், இத்தொழிலில் இறந்தோர் குடும்பத்திற்கு இழப்பீடு தரவும் மறுவாழ்வு அளிக்கவும் ஆணையிட்டது. சில கருவிகளுக்கு நல்ல பிடி தேட வேண்டியதில்லை. அக்கருவியைக் கீழே வைத்துவிடுவதே வேண்டியது. எதனைத் திருத்துவது, எதனை ஒழிப்பது என்று பகுத்தறிவதற்கே நமக்குக் கல்வி வேண்டும்.

இளைஞர் கடன்

அன்பார்ந்த இளைஞர்களே! கைப்பிடியை வடிவமைப்பது இன்று ஒரு தனிக் கல்வித் துறையாக வளர்ந்துள்ளது. 1961இல் தொடங்கப்பட்ட அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனமும், 1969இல் பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நிறுவப்பட்ட தொழில் வடிவமைப்பு மையமும் இக்கல்வியை அளிக்கின்றன. தோல் பற்றிய ஆய்வுக்குச் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. இத்தகைய நிறுவனங்களின் பெயரையே நம் சிற்றூர் மாணவர் பலர் கேட்டதில்லை. பொறியியல், மருத்துவம், ஆசிரியப் பணி என்னும் மூன்று வாயில்களை மட்டுமே அறிந்திருக்கிறோம். நான்காம் வாயிலும் உண்டு என்று கூறவே இதனை எழுதுகின்றோம்.

அவ்வாயிலில் நுழைய நமக்கெனத் தனித்த தகுதி ஒன்றும் உண்டு. மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய கையை அளக்க, அயலான் கருவி கொண்டு வர வேண்டும். நமக்கோ அக்கை நம் தந்தையின் கை. அவர் எவ்விடத்தில் பிடிக்கிறார், எப்போது கை மாற்றுகிறார், மாலையில் எவ்விரலை நீவுகிறார் என்பதை நாம் பிள்ளைப் பருவந்தொட்டுக் கண்டிருக்கிறோம். அந்த அறிவுக்கு இதுவரை மதிப்பெண் இல்லை. அதனை ஏட்டில் ஏற்றுவோமாயின் அதுவும் ஆராய்ச்சியே ஆகும்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டாம். நம் சங்கத்து இரவுப் பாடசாலை மாணவர், அவரவர் ஊரில் உள்ள மண்வெட்டி, அரிவாள், களைக்கொத்து, துடைப்பம், உளி, தையலூசி ஆகியவற்றின் பிடியை ஒரு நூலும் அளவுகோலும் கொண்டு அளந்து குறிக்கலாம். பிடி எத்துணை நீளம், எத்துணைச் சுற்றளவு, எம்மரம், யார் செய்தது, பிடிப்பவர் வயது என்ன, உடலில் எங்கு வலிக்கிறது என்று கேட்டு எழுதலாம். பத்து ஊர்களில் இவ்வாறு செய்தால், வேளாண் அலுவலரிடமும் ஊராட்சி மன்றத்திடமும் எடுத்துச் சென்று பேச நம் கையில் சான்று இருக்கும். கலிபோர்னியத் தொழிலாளர் வெற்றி பெற்றமைக்கு அவர்கள் பட்ட துன்பம் மட்டும் காரணம் அன்று. அத்துன்பத்தை மருத்துவர் சான்றோடும் சட்டத்தின் சொல்லோடும் எழுத்தில் வைத்தமையும் காரணமாகும்.

தன் இனத்தையே வெட்டத் துணைபோகும் ஒருவனைக் 'கோடரிக் காம்பு' என்று நம் முன்னோர் இகழ்ந்தனர். மரத்தை வெட்டும் கோடரிக்கு மரமே காம்பாயிற்றே என்னும் வருத்தம் அச்சொல்லில் உள்ளது. படித்துப் பதவி பெற்றவுடன் தம் மக்களை மறந்து அயலவராகிவிடும் சிலருக்கு இவ்வசை பொருந்தும். அக்காம்பே களைக்கொத்தில் அமைந்தால் பயிரைக் காக்கும். சுத்தியலில் அமைந்தால் வீட்டைக் கட்டும். எந்த அலகோடு சேர்வது என்பதைத் தேர்ந்துகொள்ளும் அறிவு மரத்துக்கு இல்லை. கற்ற மனிதனுக்கு உண்டு. நம் சங்கம் 25 ஆண்டுகளாக ஊட்டிவரும் கல்வி அத்தேர்வுக்கே பயன்படுவதாகுக. குனிந்து உழைத்த முதுகுகள் நிமிர்ந்து உழைக்கும் கருவிகளை நம் பிள்ளைகளே ஆக்கித் தருவார்களாக!